31 வயதில் மின்பொறியியல் முனைவர் பட்டம்: வேலையை விடலாமா?

உட்லண்ட்ஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பகுதிமின்கடத்தித் தொழிற்சாலை (ஃபேப்) ஒன்றில் ஏழு ஆண்டுகளாகச் செயல்முறைப் பொறியாளராக இருக்கிறேன். நான் நிரந்தரவாசி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனும் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. எச்சிங் (சில்லின் மேற்பரப்பைத் தேவையான இடங்களில் அரித்து வடிவமைக்கும்) பிரிவில் ஒரே வகைக் கோளாற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து சலித்துவிட்டதால், சிலிக்கானுக்கு மாற்றான காலியம் நைட்ரைடு என்ற பகுதிமின்கடத்தியால் ஆன டிரான்சிஸ்டர்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். என் மேலாளரோ, "பிஎச்டி முடித்தவரை ஃபேப்பில் எடுக்கத் தயங்குவார்கள்" என்கிறார். அது உண்மையா? விரிவுரையாளராகும் எண்ணம் எனக்கு இல்லை.

மின்னிழை:
உங்கள் மேலாளர் சொல்வது பாதி உண்மை. இயந்திரங்களைக் கவனிக்கும் பணிக்கு முனைவரைத் தேட மாட்டார்கள். ஆனால் சாதன மாதிரியாக்கம், நம்பகத்தன்மைச் சோதனை, புதிய தொழில்நுட்ப உருவாக்கம் ஆகிய குழுக்களில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் விடுபட்டு மின்சாரத்தைக் கடத்தத் தேவைப்படும் ஆற்றல்) ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட், காலியம் நைட்ரைடுக்கோ 3.4, அதனால்தான் அது உயர் மின்னழுத்தத்தைத் தாங்குகிறது, கைப்பேசி மின்னூட்டிகளும் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. இத்துறையில் இன்ஃபினியன் போன்ற நிறுவனங்கள் இங்கேயே இயங்குகின்றன. 1991இல் தொடங்கப்பட்ட மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் ஆய்வுக் கழகமும் இருக்கிறது.

எனினும், சாதனத்தைத் தாமே வடித்தெடுக்கும் ஆய்வு பொறுமையைச் சோதிக்கும். பாடங்களையும் தகுதித் தேர்வையும் முடித்த பிறகு, தூசி புகாத தூய்மை அறையில் நேரம் கிடைக்கக் காத்திருப்பதிலேயே வாரங்கள் கழியும். என் மூன்றாம் ஆண்டில், டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் முனையில் மின்கசிவு ஏன் ஏற்படுகிறது என்று கண்டுபிடிக்க எட்டு மாதங்கள் ஆயின. காரணம், வேஃபரை (சாதனங்களை உருவாக்கும் மெல்லிய தட்டை) கழுவிய முறையில் இருந்த ஒரு சிறு மாற்றம். ஃபேப்பில் ஏழாண்டு இருந்த உங்களுக்கு அது ஒரு வாரத்தில் பிடிபட்டிருக்கும்.

தெம்பனிஸ் தமிழ்ச்செல்வி:
வேலையை விட்டாக வேண்டும் என்று ஏன் முடிவு செய்கிறீர்கள்? பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெறும் தொழில்துறை முதுநிலைத் திட்டத்தில், நிறுவனத்தின் ஊழியராகவே இருந்துகொண்டு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கலாம். சம்பளமும் மத்திய சேம நிதியும் தொடர்வதால், கடனும் குழந்தையும் உள்ளவர்களுக்கு முழுநேர உபகாரச் சம்பளத்தைவிட இதுவே தாங்கும் என்பது என் கருத்து. ஆனால் ஆய்வுப்பொருள் நிறுவனத்துடையது. இடையில் நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டால் உங்கள் ஆய்வின் கதி என்ன, கட்டுரை வெளியிட யார் அனுமதி தருவார், படிப்புக்குப் பின் எத்தனை ஆண்டு பணிபுரிய வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் பெறாமல் கையெழுத்திட வேண்டாம்.

பாதியில்நின்றவர்:
நான் இரண்டாம் ஆண்டில் முதுநிலைப் பட்டத்துடன் வெளியேறியவன். அதில் வருத்தம் இல்லை. நெறியாளரின் பெயரைப் பார்த்துச் சேர்ந்தேன், அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை. முடித்தவர்களிடம் மட்டுமன்றி, விலகிய ஒருவரிடமாவது பேசிப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
மூவருக்கும் நன்றி. எங்கள் நிறுவனம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை மனிதவளப் பிரிவில் கேட்கிறேன். மின்னிழை அவர்களே, கழுவும் முறையில் மாறியது அமிலத்தின் அடர்த்தியா, நேரமா?