டிசம்பர் பனிக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்?

போன டிசம்பர் உத்தராகண்டின் கேதார்கந்தா மலையேற்றத்தில், ஜூடா கா தாலாப் முகாமில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இந்த முறை கூடாரம்கூட இல்லாமல் பிவி உறைக்குள் (ஸ்லீப்பிங் பேக் மேல் போடும் நீர்புகா உறை) படுக்கத் திட்டம். இருப்பது செயற்கை இழை அடைத்த சிந்தெடிக் பை. மேலே பெரிதாக ‘-10’ என்று இருக்கும். திரும்பி வந்து உள்ளே தைத்திருந்த சீட்டைப் பார்த்தால், அது உயிர் தப்பும் அளவாம். கம்ஃபர்ட், அதாவது குளிராமல் தூங்கக்கூடிய அளவு, +4 டிகிரிதான்!

பைக்குள் ஃப்ளீஸ் லைனர் (உள் விரிப்பு), இரட்டை சாக்ஸ், காலடியில் வெந்நீர் பாட்டில் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. இரண்டு மணிக்குப் பாட்டில் ஆறியதும் விழிப்பு. விறைப்பது பாதமும் முதுகும்தான். அடியில் 10 மி.மீ. ஃபோம் பாய். விடிகிறபோது முகத்தருகே துணி, மூச்சு பட்டு உறைந்து மொரமொரவென்று கிடந்தது. அதனால்தான் டவுன் (பறவையின் மென்தூவி அடைத்த) பை வாங்கப் பயம், ஈரமானால் தூவி கட்டிதட்டிவிடுமே.

பட்ஜெட் 18,000. கம்ஃபர்ட் -10 உள்ள டவுன் பை வாங்கவா, இல்லை இதே பைக்கு நல்ல மேட் போதுமா?