தோல் பிடிக் கத்தி: செருப்புத் தைக்கிறவர் திருப்பித் தந்த கதை

இரணைமடுக்காரன்

கேபார், அதுதான் இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்கப் படைக் கத்தி, இங்கே எல்லோருக்கும் தெரியும்தானே, அதனால் நீட்டவில்லை. ஏழு அங்குல அலகு, தோல் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிடி. அப்பப்பா வவுனியா விமானத்தளத்தில் வேலை செய்த காலத்தில் கைக்கு வந்தது. 2008 கடைசியில் சண்டையால் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா அதைப் பால்மா ரின்னில் போட்டுக் கிணற்றடியில் தாட்டார். 2010இல் திரும்பி வந்து தோண்டினால் ரின் முழுக்கக் கறள், ஓட்டை. அலகு கறுத்திருந்தாலும் உருப்படி. பிடிதான் போய்விட்டது. கறையான் தின்றது போக மிச்சம், தேத்தண்ணியில் ஊறிய பாண் மாதிரி நகத்தோடு வந்தது.

வருடக்கணக்காக அப்படியே கிடந்ததைப் போன வருடம் கிளிநொச்சியில் செருப்புத் தைக்கிற ஒரு ஐயாவிடம் கொண்டு போனேன். அவருடைய பலகையில் ஒரு பொய்க்கால் படுத்திருந்தது, சப்பாத்தும் போட்டபடி. வார் அறுந்து யாரோ தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதற்குப் பக்கத்தில் பேப்பரைப் பிரித்தேன். அவர் கத்தியைக் கையில் எடுக்கவேயில்லை. ஊசி முனையால் பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்தப் பக்கத்தின்ர?” என்றார். “வெள்ளைக்காரன்ர, ஐயா” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேப்பரைத் தானே திரும்பச் சுற்றி, என் பையின் அடியில் வைத்து, மேலே என் குடையை வைத்து மூடினார். பிறகு பலகைக்குக் கீழே கையை விட்டு, அந்தக் கால் வாருக்கு வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளை அள்ளி ஒரு சொப்பிங் பையில் போட்டுத் தந்தார். “வீட்ட வச்சுச் செய்.” காசு வாங்கவில்லை.

அந்தத் துண்டுகளில்தான் இப்போதைய பிடி இருக்கிறது. பிடி நுனியில் இருக்கிற அடிக்குமிழின் குறுக்கு ஆணியைத் தட்டிக் கழற்றவே ஒரு பின்னேரம் போயிற்று. கத்தியின் வால், அதாவது பிடிக்குள் போகிற இரும்பு, கைக்காப்புப் பக்கம் அகலம், நுனிப் பக்கம் ஒடுக்கம். அதைக் கவனிக்காமல் எல்லா வட்டுக்கும் ஒரே அளவு துளை போட்டு முதல் தடவை சொதப்பினேன். தோல் மெல்லிசு என்பதால் முப்பத்துநாலு வட்டு பிடித்தது. பழைய பிடியில் இருந்த ஐந்து வரியையும் அரத்தால் இழுத்து எடுத்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பிடிக்கும்போதெல்லாம் அந்தச் சப்பாத்துப் போட்ட கால்தான் கண்ணுக்குள் நிற்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

செட்டிகுளத்தான்

கதை நல்லது, ஆனால் கணக்கு இடிக்கிறது. வவுனியாத் தளம் பிரிட்டிஷ் விமானப்படையுடையது. கேபார், அமெரிக்க மரைன்களுக்கென்று 1942 கடைசியில் எடுக்கப்பட்ட கத்தி. பிரிட்டிஷ் கொமாண்டோக்களின் குத்துவாளுக்குப் பிடியே உலோகம். அலகின் அடியில் எழுத்து ஏதும் தெரிகிறதா? அதைப் பார்க்காமல் கேபார் என்று சொல்லக்கூடாது. கமிலஸ் என்ற கம்பனியும் இதே கத்தியைச் செய்தது.

என்னுடையது எம்3, 1943இல் வந்த இன்னொரு அமெரிக்கப் படைக் கத்தி. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். தோல் இளகட்டும் என்று கொதிதண்ணீரில் வைத்தேன். பத்து நிமிடத்தில் மோர்மிளகாய் மாதிரிச் சுருண்டுவிட்டது. அவ்வளவுதான் என் அனுபவம்.

முறிகண்டியூர்

செட்டிகுளத்தார் அவசரப்படுகிறார். 1944 ஏப்ரலில் நேசப்படைகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். அங்கே அமெரிக்கர்களும் இருந்தார்கள். சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் கைமாறாத சாமான் எந்தப் படையில் இருந்தது? கத்திக்கு மட்டும் கால் முளைக்காதா?

என் கதை சின்னது. மாமாவின் கத்திப் பிடி வெடித்திருந்தது என்று தேங்காயெண்ணெய் பூசி அறைக்குள் வைத்தேன். மாரி முடிய எடுத்தால் பச்சைப் பூஞ்சணம், காறல் மணம், உள்ளே எறும்பு. மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான் பட்டறை

எண்ணெய் என்று சொன்னதால் சொல்கிறேன். அடுக்குத் தோலுக்கு எண்ணெய் எதிரி. அது தோலை இளக்கும், இளகினால் அடுக்கு ஆடும், ஆடினால் இடுக்கால் தண்ணீர் போகும், பிறகு வால் உள்ளுக்குள் கறள் பிடிப்பது வெளியே தெரியாது. தேன்மெழுகுதான் சரி. நம் காட்டுத் தேன் எடுக்கிறவர்களிடமே கிடைக்கும். வெயிலில் வைத்து இளக்கி, துணியால் தேய்த்து, உள்ளங்கைச் சூட்டில் ஏற்ற வேண்டும்.

அடுத்தது பருவம். மாரியில் வட்டு வெட்டி அடுக்காதீர்கள். ஈரத்தில் தோல் பருத்திருக்கும், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் காய்ந்து சுருங்கி, பிடி கடகடக்கும். ஆடி ஆவணியில் அடுக்கினால் மாரிக்கு இன்னும் இறுகும்தான். தோலும் பட்டையில் பதனிட்டதாக இருக்க வேண்டும். குரோமியத்தில் பதனிட்ட கைப்பைத் தோல் பஞ்சு மாதிரி அமுங்கும், அரத்துக்கு நிற்காது. கிடைக்காவிட்டால் பழைய றலி சைக்கிளின் தோல் சீற்றைத் தேடுங்கள், அதைவிடத் திறமான தோல் இந்தப் பக்கத்தில் இல்லை. துளைக்கு இரண்டு ஓட்டை போட்டு நடுவை உளியால் எடுக்க வேண்டும், கத்தியால் கீறினால் மூலை கிழியும். ஒட்டும் பசை மெல்லிசாக. இறுக்கியது ஒரு நாளாவது கிடக்கட்டும். பித்தளைக் காப்பு என்றால் தோல் தொடுகிற இடத்தில் பச்சையாகப் பிசின் கட்டும், அதை ஈர்க்குச்சியால் எடுங்கள். முக்கியமாக, உறைக்குள் போட்டு வைக்கவே கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்து அலகைக் குழிகுழியாக அரிக்கும்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கத்தி செய்தேன், விற்றுவிட்டேன்.

இரணைமடுக்காரன்

பட்டறை அண்ணை, வேலை முடிந்த பிறகு வகுப்பு எடுக்கிறீர்கள், சரி, இருக்கட்டும். நான் அடுக்கியது கார்த்திகையில். இப்போது மெல்ல ஆடுகிறது, உண்மைதான்.

செட்டிகுளத்தாருக்கு: எழுத்தைக் கறள் தின்றுவிட்டது. “யூ.எஸ்.” மட்டும் தெரிகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பொங்கலுக்குப் பிறகு அதே ஐயாவிடம் போனேன், கத்தியோடு இல்லை, என் செருப்பு வார் அறுந்து. பலகையில் அந்தக் கால் இல்லை. தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், “இறுகிட்டுதோ?” என்றார். “ஓம் ஐயா” என்றேன். செருப்புக்கு மட்டும் நூறு ரூபா வாங்கினார்.