புதுப்பிப்பு: ரோலர் டெர்பி தேர்வுக்குப் பழகும் இடம் கிடைத்துவிட்டது

மேற்படிப்புக்கு மெல்போர்ன் போகிறேன், அங்கே ரோலர் டெர்பியில் (ஸ்கேட் மாட்டிக்கொண்டு இரண்டு அணிகள் வட்டத் தடத்தில் இடித்து முந்தும் ஆட்டம்) புதியவர்களுக்கான தேர்வில் கலந்துகொள்ள ஆசை, மதுரையில் எங்கே, எப்படிப் பழகுவது என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் நிலவரம் இது.

அண்ணா நகரில் சொந்தக்காரரின் கல்யாண மண்டபம். ஆடி மாசம் என்பதால் முகூர்த்தம் இல்லை; பந்தி நடக்கும் கூடத்தின் சிமென்ட் தரை முழுக்க எனக்குத்தான். மணமேடைப் பக்கம் கிரானைட், வழுக்கும், போவதில்லை.

சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் வேண்டாம், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு சக்கரமும், நுனியில் டோ ஸ்டாப் என்ற ரப்பர் தடையும் உள்ள குவாட் ஸ்கேட்தான் என்று சொன்ன அக்காவுக்கு நன்றி. வாங்கிவிட்டேன்.

இப்போது பெரும்பாலும் விழத்தான் பழகுகிறேன். சிரிக்காதீர்கள். முட்டிக் கவசத்தின் மேல் ஒரு காலை இறக்கி, கைகளை உடம்போடு ஒடுக்கி, விரல்களை முஷ்டியாக மூடி, சட்டென்று எழ வேண்டும். களத்தில், புள்ளி எடுக்கும் ஜாமரோடு சேர்த்து அணிக்கு ஐந்து பேர் நெருக்கமாக ஓடுவார்கள். அதனால் விரல் விரிந்து கிடந்தால் பின்னால் வருபவரின் சக்கரம் ஏறிவிடும்.

புதியவர்களிடம் முன்பு எதிர்பார்த்த, 5 நிமிடத்தில் தடத்தை 27 சுற்று என்ற பழைய அளவுகோலை இப்போதைக்கு ஓரங்கட்டிவிட்டேன். நிற்கத் தெரியாமல் வேகம் எதற்கு? கால்களை அகட்டி, நுனிகளை உள்பக்கம் திருப்பி நிற்கும் ப்ளோ ஸ்டாப் வந்துவிட்டது. ஒரு காலைப் பின்னால் குறுக்காக இழுத்து நிற்கும் டி ஸ்டாப்புக்கு இடது கால் இன்னும் அடம் பிடிக்கிறது.

அப்புறம், கவசங்களை மொட்டை மாடியில் தினமும் காயப்போடுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு அந்த வாடை வீட்டையே காலி பண்ணிவிடும்.

ஆவணி பிறந்தால் மண்டபம் கிடைக்காது. தல்லாகுளம், தெப்பக்குளம் பக்கம் சமமான தரை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.