வினாக்கொத்தை நீட்டினால் முகத்தைத் திருப்புகிறார்கள், என்ன செய்யலாம்?

உப்புவெளியான்:
இறுதியாண்டுப் பிள்ளைகள் 22 பேருக்குக் கள ஆய்வு படிப்பிக்கிறேன். திருகோணமலையில் நிலாவெளிக்கு அங்கால் ஒரு கரையோரக் கிராமம். ஊரோடு சேர்ந்து செய்யவேண்டும் என்பதுதான் பாடம். ஆனால் போன கிழமை வினாக்கொத்தை நீட்டியதும், கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் "சுனாமிக்குப் பிறகு எத்தினை பேர் எழுதிக்கொண்டு போனீங்கள், ஒரு கடதாசியாவது திரும்பி வந்ததோ?" என்று கேட்டுவிட்டார். பதில் இல்லை. 15 கிழமையில் அறிக்கை வேறு கொடுக்கவேண்டும். எங்கே தொடங்குவது?

கொட்டியாரக்கரை:
சேர், வலை இழுக்கிற நேரத்தில் போனதே பிழை. கயிறு பிடித்த கையில் பேனையையா கொடுப்பது? வெயில் ஏறின பிறகு, வாடியில் (கரையில் மீனவர் போடும் கொட்டில்) வலை திருத்தும்போது போங்கள், வினாக்கொத்து இல்லாமல். மூதூர்ப் பக்கம் நாங்கள் ஈர மணலில் குச்சியால் கடலைக் கீறித் தரச் சொன்னோம்: எங்கே பார் (கடலடிப் பாறை), எங்கே ஆழம், எந்த மாதம் எந்த மீன். பிள்ளைகள் 'மீன் வளம் குறைதல்' என்று தலைப்போடு போயிருந்தார்கள், அங்கே பிரச்சினையோ முற்பணம். மீன் முதலாளியிடம் காசு வாங்கினால் அவர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்கவேண்டும். தலைப்பை மாற்றினோம். அதற்கு மேலிடத்தில் வாங்கின ஏச்சு தனிக்கதை.

வாடைக்காற்று:
பருவத்தையும் பாருங்கள். நவம்பர் தொடங்கி கடல் கொந்தளிக்கும். ஆட்களுக்கு நேரம் இருக்கும், கையில் காசு இராது. சோழகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மேற்குக் கரை நீர்கொழும்பு, சிலாபத்திலிருந்தும் மீனவர்கள் வந்து வாடி போடுவார்கள், அவர்களைக் கேட்காமல் 'ஊர் சொன்னது' என்று எழுதவேண்டாம். சிங்களம் தெரிந்த பிள்ளை ஒருவராவது வேண்டும். அப்புறம் கருவாடு போடும் அக்காமார், சங்கக் கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார்கள், குசினிப் பக்கம் போனால் நிறுத்தவே ஏலாது.

ஏணிப்படி:
முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் படிபடியாகக் காட்டும் ஒரு 'பங்கேற்பு ஏணி' உண்டு, ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969இல் எழுதியது, அதில் 8 படி. கருத்துக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நாலாம் படி, ஊரோடு கூட்டாக முடிவெடுப்பது ஆறாவது. ஒரு செமஸ்டரில் அங்கே ஏறுவதாக ஊருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஓர் ஊர் என்று தாவாமல் ஒவ்வோர் அணியும் அதே ஊருக்கே போகட்டும், முடிவுகளை அங்கேயே வாசித்துக் காட்டுவதற்கும் புள்ளி போடுங்கள்.

உப்புவெளியான்:
சரி. இன்று நாங்கள் படிப்பிக்கும் இடத்து அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அதே ஊரைப் பற்றி மூன்று பழைய அறிக்கைகள், மூன்றும் ஆங்கிலத்தில். முதல் நாலு கிழமையும் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு வேலைதான், ஐயாவுக்கு முதல் பிரதி.