மறு: பிளாக் மாட்டி புரோகிராம் பண்றதுக்கு தமிழ்ல என்ன பேர்? (வெள்ளிக்குள்ள வேணும்)

பாடநூல்காரி:

வணக்கம், அவசரம், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். ஆறாம் ஏழாம் வகுப்புப் பசங்களுக்கான ஒரு பயிற்சிப் புத்தகத்தைத் தமிழாக்கிட்டிருக்கேன், 48 பக்கம், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். ஆர்டுயினோ ஊனோங்கற சின்ன மின்னணு போர்டை, கலர் கலரா இருக்கற பிளாக்கை இழுத்துப் போட்டு ஒண்ணோட ஒண்ணு மாட்டி இயக்கறது. டைப் பண்ற வேலையே இல்ல. ஸ்கிராட்ச்னு பசங்க புரோகிராம் கத்துக்கற மென்பொருளைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அதே மாதிரிதான், அங்க பூனை நடக்கும், இங்க எல்.இ.டி எரியும், மோட்டார் சுத்தும்.

அந்த ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பேர், இந்த முறைக்கு மொத்தமா ஒரு பேர், இவ்வளவுதான் கேக்கறேன். முதல்ல "தொகுதி"ன்னு போட்டேன். "சிவப்புத் தொகுதியை இழுத்து நீலத் தொகுதியின் கீழ் சேர்க்கவும்"னு எழுதிட்டுத் திரும்பப் படிச்சா தேர்தல் கமிஷன் அறிக்கை மாதிரி இருக்கு. "கட்டம்"னா பசங்க தாயக்கட்டத்தை நினைப்பாங்க. "துண்டு"ன்னா தோள்ல போடறது. சொல்லுங்க.

பதின்மூணாம் பின்:

பிளாக்னே போடுங்கக்கா. வீடியோ தேடினாலும் சாப்ட்வேர் திறந்தாலும் அந்தச் சொல்தான் இருக்கு, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு.

பாடநூல்காரி:

தம்பி, அதையும் போட்டுப் பாத்துட்டேன். பக்கம் 9ல "பிளாக் ஒயரை ஜி.என்.டி-ல மாட்டு"ன்னு ஒரு வரி (ஜி.என்.டின்னா போர்டுல கிரவுண்ட், 0 வோல்ட் முனை), அடுத்த வரியே "பிளாக்கை இழுத்துப் போடு". கறுப்பும் பிளாக், இதுவும் பிளாக், வலைப்பூவையும் பாதிப் பேர் பிளாக்னுதான் எழுதறாங்க. நம்ம எழுத்துல மூணுக்கும் ஒரே உருவம். ஒரு பையன் கறுப்பு ஒயரைக் கையில வச்சுகிட்டு ஸ்க்ரீனைப் பாத்துட்டு உக்காந்திருப்பான்.

சீர்பிரிப்பவன்:

அம்மா, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு, அதுக்குள்ள ஆங்கிலத்துக்குச் சரணடைய வேண்டாம். புரோகிராமுக்கு நாம "நிரல்"னு வச்சதே வரிசைங்கற பொருள்லதான். நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்றுன்னு, பாட்டுல சொல்லை எந்த வரிசையில சேத்துப் பொருள் எடுக்கறதுங்கறதுக்கு (பொருள்கோள்) தொல்காப்பியர் நாலு வகை சொன்னார். நன்னூலார் பொருள்கோளை எட்டாக்கினார், அதுல ஆற்றுநீரும் உண்டு, விற்பூட்டும் உண்டு. இப்ப உங்க பிளாக்கைப் பாருங்க. மேலேர்ந்து கீழே ஒழுங்கா ஓடிட்டே வர்றது ஆற்றுநீர். ஓயாம திரும்பத் திரும்பச் செய்யற பிளாக்குல கடைசி போய் முதலோட பூட்டிக்குது, அது விற்பூட்டு இல்லாம வேற என்ன?

ஆகவே பிளாக்கை நான் "சீர்"னு சொல்லுவேன். சீரும் சீரும் சேர்ற இடம் தளை. முட்டை வடிவத்துல இருக்கற எண் பிளாக்கை அறுகோணக் குழியில வச்சா உட்காராதுன்னு பேரன் காட்டினான். தளை தட்டுதுங்கறேன் நான். இலக்கணப் பிழையே வர முடியாதபடி வடிவத்தாலயே தடுக்கறாங்க, வெண்பாவுல வேற்றுத்தளை வரக்கூடாதுன்னு வச்ச மாதிரி. "சீர்நிரலாக்கம்". என்ன குறைச்சல்?

பதின்மூணாம் பின்:

ஐயா அருமையா இருக்கு, படிச்சு ரசிச்சேன், ஆனா ஆறாங்கிளாஸ் பையனுக்கு தளை தட்டறதுன்னா என்னன்னு அந்தப் புத்தகத்துல முதல்ல இன்னொரு 48 பக்கம் சேக்கணும். அப்புறம் நீங்க சொன்ன எட்டுல அடிமறி மட்டும் இங்க ஆகவே ஆகாது. அடியை எப்படி மாத்திப் போட்டாலும் பொருள் கெடாதுங்கறது பாட்டுக்கு. இங்க சாதா எல்.இ.டி மினுக்கற புரோகிராமையே எடுத்துக்கங்க, ஏத்து, 1 நொடி பொறு, அணை, 1 நொடி பொறு, இவ்வளவுதான். இதுல கடைசி "பொறு"வை மட்டும் எடுத்துடுங்க. அணைச்ச உடனே சுத்து திரும்பி மேல போய் மறுபடி ஏத்திடும், நடுவுல அணைஞ்சிருக்கற நேரம் கண்ணுக்கே தெரியாது, எல்.இ.டி அசையாம எரிஞ்சுட்டே இருக்கும். பசங்க போர்டு கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டு வருவாங்க. நானே முதல் தடவை ரெண்டு எல்.இ.டி மாத்திப் பாத்திருக்கேன், அதுக்கப்புறம்தான் புரோகிராமைப் பாத்தேன்.

கரையோரம்:

எங்கட பக்கத்திலயிருந்தும் ஒரு சொல்லு. நாங்கள் புரோகிராமை "செய்நிரல்" எண்டுதான் படிச்சனாங்கள், எலக்ட்ரானிக்ஸ் எங்களுக்கு "இலத்திரனியல்", உங்களுக்கு "மின்னணுவியல்". அதால சீரோ தொகுதியோ எது வச்சாலும் முன்னால நிரலா செய்நிரலா எண்டு பிறகு இன்னொரு சண்டை வரும், இப்பவே சொல்லிவைக்கிறன்.

பிளாக்குக்கு "கட்டை" எண்டா என்ன பிழை? பிள்ளையள் அடுக்கி விளையாடுற மரக்கட்டை. இந்த யோசனையே பொருத்தி விளையாடுற கட்டையில இருந்துதானே வந்தது, ஸ்கிராட்ச் 2007ல வெளியிட்ட ஆக்கள் லெகோ கட்டையளைத்தான் முன்மாதிரியாச் சொன்னவை. எங்களுக்குக் கட்டை எண்டா தூரமும்தான், ரெண்டு கட்டை நடந்தா எண்டு சொல்லுவம், ஆனா அதால ஒருத்தரும் குழம்பப் போறதில்லை.

சீர்பிரிப்பவன்:

கட்டையில போறவனேன்னு திட்டறதும் அதே கட்டைதான்யா. பாட்டுக்காரங்களுக்கு நாலு கட்டை, அஞ்சு கட்டை சுருதி வேற. மேல் வகுப்புப் பசங்ககிட்ட "நல்ல கட்டையாப் பாத்து எடு"ன்னு டீச்சர் சொன்னா அந்தப் பீரியட் அதோட முடிஞ்சுது.

வாய்பிளாக்:

இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப எழுதறேன், ஏன்னா நான் இதை நிஜமாவே வகுப்புல சொல்லிக்குடுக்கறேன். பசங்க ஏற்கெனவே பேர் வச்சுட்டாங்க. மேல வளைஞ்சிருக்கற முதல் பிளாக் "தொப்பி". மத்ததை உள்ள வாங்கிக்கற பிளாக் "வாய்". ஒருத்தி "வாய்க்குள்ள ரெண்டு போட்டேன் மிஸ், மூணாவது வெளிய நிக்குது"ன்னா, எனக்கு அப்பவே பிரச்சினை புரிஞ்சுடுச்சு. பொதுவா பிளாக்கை "இது"ன்னுதான் சொல்றாங்க, "இதை எடுத்து அதுல மாட்டு". அதனால பிளாக்கோட பேர் பெரிய விஷயமே இல்லன்னு எனக்குத் தோணுது.

உண்மையான தலைவலி பிளாக்குக்கு உள்ள எழுதியிருக்கற வரி. இங்கிலீஷ்ல இஃப் முன்னாடி, ஓட்டை (நிபந்தனையை வைக்கற இடம்) பின்னாடி. தமிழ்ல ஓட்டை முன்னாடி வரணும், "எனில்" பின்னாடி. "பட்டன் அழுத்தியிருக்கு எனில்". ஸ்கிராட்ச்ல மொழிபெயர்க்கறவங்க ஓட்டையை இடம் மாத்திக்கலாம். ஆனா பிளாக்லிங்கற, பிளாக் செய்யற மென்பொருளை வச்சுக் கட்டின பல கருவியில "இஃப்" ஒரு தனிச் சீட்டு, ஓட்டை அதுக்கு வலதுபக்கம்தான், நகராது. நேரா "எனில்"னு போட்டா "எனில் பட்டன் அழுத்தியிருக்கு"ன்னு வாக்கியம் தலைகீழா நிக்கும். நான் கண்டுபிடிச்ச குறுக்குவழி: மேல் சீட்டுல "ஒருவேளை", கீழ கிளை ஆரம்பிக்கற இடத்துச் சீட்டுல "எனில்". படிச்சா சரியா வரும். தமிழ்லயே எழுதற எழில் நிரல்மொழியில நிபந்தனையை முன்னாடி வச்சு "ஆனால்" பின்னாடி வரும், அது தமிழ் நடைக்கு சரி, ஆனா பசங்க அந்த "ஆனால்"ஐ "பட்"னு படிச்சுடறாங்க.

இன்னொண்ணு, வேற்றுமை உருபு. ஓட்டைக்குப் பின்னாடி "-ஐ"ன்னு அச்சடிச்சுட்டா, மாறியோட (மதிப்பைப் போட்டு வைக்கற பெட்டி) பேர் "வெப்பம்"னா "வெப்பம்-ஐ கூட்டு"ன்னு நிக்கும். வெப்பத்தைன்னு மாத்த மெஷினுக்குத் தெரியாது. அதனால நான் "கூட்டு: வெப்பம்"னு உருபே இல்லாம எழுதிக்கறேன். அழகு இல்ல, தப்பும் இல்ல.

சீர்பிரிப்பவன்:

உருபு மறைஞ்சு வந்தா தொகை. அதுக்கு இலக்கணம் இடம் கொடுக்குது. ஆனா நடுவுல முக்காற்புள்ளி வைக்கறதுக்கு எந்த இலக்கணமும் இடம் கொடுக்கல.

பாடநூல்காரி:

மேடம், இது எனக்கு ரொம்ப உபயோகம், நன்றி. ஒரு சந்தேகம். போர்டோட பின்னுக்கு (ஒயர் மாட்டற முனை) கொடுக்கற ரெண்டு மதிப்பு, ஹை, லோ. இதை "எரியவிடு / அணை"ன்னு போட்டுட்டேன், பசங்களுக்குப் புரியட்டும்னு. சரிதானே?

பதின்மூணாம் பின்:

வேணாம்கா! எழுதினதை மாத்துங்க, தப்பாயிடும். ஹைன்னா ஊனோ போர்டுல அந்தப் பின்ல 5 வோல்ட், லோன்னா 0, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். எல்.இ.டியை பின்லேர்ந்து ஜி.என்.டி-க்கு மாட்டினா ஹையில எரியும். அதையே 5 வோல்ட்லேர்ந்து பின்னுக்கு மாட்டுங்க, ரெண்டு விதத்துலயும் ரெசிஸ்டர் உண்டு, இப்ப லோ கொடுத்தாத்தான் எரியும். உங்க புத்தகத்துல "அணை"ன்னு இருக்கும், அங்க லைட் எரியும். பல ரிலே போர்டும் (மின்சாரத்தால இயங்கற சுவிட்ச்) இப்படி லோவுலதான் ஆன் ஆகும். பட்டனை புல்அப்ல (அழுத்தாதப்ப பின்னை ஹையில வச்சிருக்கற ரெசிஸ்டர்) வச்சா அழுத்தும்போதுதான் லோ. "உயர் / தாழ்"னு போடுங்க, புரியாட்டியும் பொய் இல்ல.

அப்படியே இன்னொண்ணு, லூப்புக்கு (திரும்பத் திரும்பச் செய்யறது) "சுற்று"ன்னு போட்டிருந்தீங்கன்னா அதையும் மாத்துங்க. சர்க்யூட்டும் மின்சுற்றுதான். "சுற்றைச் சரிபார்"னா ஒயரைப் பாக்கறதா பிளாக்கைப் பாக்கறதா? மேல நானே "சுத்து திரும்பி"ன்னு எழுதிட்டேன், ஹி ஹி.

கரையோரம்:

"ஓயாமல்" எண்டு போடலாம். "என்றென்றும்" எண்டு ஒரு இடத்தில பாத்தனான், காதல் கடிதம் மாதிரி கிடக்கு.

இன்னொரு விசயம், "பலகையைக் கட்டுப்படுத்தல்" எண்டு தலைப்பு வைக்கமுதல் அது எந்த வகை எண்டு பாருங்கோ. சிலதில நிரல் கணினியிலதான் ஓடும், கேபிள் வழியா பலகைக்கு ஏவல் போகும், கேபிளைப் பிடுங்கினா எல்லாம் நிண்டிடும், எஸ்4ஏ எண்ட மென்பொருள் அப்பிடித்தான். வேற சிலதில பிளாக்கை சி++ எண்ட நிரல்மொழிக்கு மாத்தி பலகைக்குள்ளயே ஏத்திவிடும், பிறகு பேட்டரி போதும். முதலாவது கட்டுப்படுத்தல், சரி. ரெண்டாவது அது தானா ஓடுது, நாங்கள் ஒண்டையும் கட்டுப்படுத்தேல்லை.

பாடநூல்காரி:

எங்களோடது ரெண்டாவது வகை. அப்ப "பலகைக்கு நிரல் எழுதுதல்"னு மாத்திடறேன். (பலகைன்னா போர்டு, இதுல யாருக்கும் சண்டை இல்லைன்னு நம்பறேன்.)

இன்னிக்கு வியாழன். எண்ணிப் பாத்தேன், தனி மடல்ல வந்ததையும் சேத்து: கட்டை 5, பிளாக் 4, துண்டு 2, சீர் 1. மத்தவங்க யாரும் பதிலே போடல, அலுத்துப்போச்சுன்னு நினைக்கறேன், எனக்கும்தான். வெறும் கட்டைன்னா ஐயா சொன்ன வம்பு வரும், அதனால பிளாக்குக்கு "நிரல்கட்டை", முறைக்கு "கட்டை நிரலாக்கம்". முதல் பக்கத்துல மட்டும் ஒரு தடவை "பிளாக்"னு சேத்து எழுதிடறேன்.

கரையோரம்:

ஆதரவு. செய்நிரற் சண்டையை அடுத்த பதிப்புக்கு வைக்கிறன்.

சீர்பிரிப்பவன்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படறேன், ஆனா புணர்ச்சியிலாவது பிழை வேண்டாம். நிரலுக்கான கட்டை, வேற்றுமைத் தொகை. பால், குடம், பாற்குடம். அப்படின்னா நிரல், கட்டை, "நிரற்கட்டை". கரையோரம் தம்பிகூட செய்நிரற் சண்டைன்னு சரியா எழுதியிருக்கார் பாருங்க.

பதின்மூணாம் பின்:

ஐயா, நிரற்கட்டைன்னு போட்டா "நிரல்"னு தேடற யாருக்கும் அது சிக்காது. அதுவும் இல்லாம அந்தக் கணக்குல நிரல்மொழியை நிரன்மொழின்னு எழுதணும், யாரும் எழுதறதில்ல. நீங்களே ரெண்டாம் நாள் மடல்ல நிரல்நிறைன்னுதான் எழுதினீங்க. ஏட்டுல அது நிரனிறை.

சீர்பிரிப்பவன்:

அது உங்களுக்குப் புரியட்டும்னு பிரிச்சு எழுதினது.

பாடநூல்காரி:

அனுப்பியாச்சு. "நிரல்கட்டை"தான். பக்கம் 31ல ஒரே ஒரு இடத்துல "நிரற்கட்டை"ன்னு விழுந்திருக்கு, ஐயா மடலைப் படிச்சுட்டே தட்டினது, அச்சுக்குப் போனப்புறம்தான் பாத்தேன். பின்னுக்கு முள்ளா முனையான்னு கேக்க நேரம் இல்ல, "பின்"னே இருக்கு.

வாய்பிளாக்:

பக்கம் 31ல எந்தப் பயிற்சி? திங்கக்கிழமை அதைத்தான் எடுக்கறேன், பசங்க ரெண்டும் வேற வேறயான்னு கேப்பாங்க.