உயிருள்ள செல்லில் டியூட்டீரியம் கொழுப்பு: சி-டி பட்டை நீரில் மூழ்கிப்போகிறது

ஈரல்செல்:
ஹெப்ஜி2 (மனித ஈரல் புற்றுச்) செல்களுக்கு 100 மைக்ரோமோலார் டி31 பால்மிட்டிக் அமிலத்தை (31 ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் உள்ள கொழுப்பமிலம்) பிஎஸ்ஏ என்ற சீரம் புரதத்தோடு சேர்த்து 24 மணி நேரம் கொடுத்தேன். இரண்டு கால்சியம் ஃபுளோரைடு ஜன்னல்கள், நடுவில் இடைவெளியைக் காக்கும் 25 மைக்ரான் ஸ்பேசர், எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) நுண்ணோக்கி. உலர்த்திய செல்லில் சி-டி (கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பு) பட்டைகள் 2090, 2195 செ.மீ⁻¹ இடங்களில் தெளிவாக வருகின்றன. உயிரோடு அளந்தால் நீரின் மேடுதான் தெரிகிறது. புரதத்தின் அமைடு 1 பட்டை வர வேண்டிய இடத்தில் (1650 பக்கம்) வெறும் இரைச்சல். என்ன செய்யலாம்?

அலைவரி:
ஸ்பேசர்தான் வில்லன். 1645ல் நீரின் உறிஞ்சல் அளவு (ஒன்று கூடினால் ஒளி பத்தில் ஒரு பங்காகும்) 10 மைக்ரானுக்கே 1.1ஐத் தாண்டும். 25 மைக்ரானில் 3ஐ நெருங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் டிடெக்டருக்குப் போய்ச் சேரும். அதில் எதைக் கழித்தாலும் மிஞ்சுவது இரைச்சல்தான். 8 மைக்ரானுக்கு இறங்குங்க. டப்பாவில் எழுதியிருக்கும் தடிமனை நம்பாதீங்க: காலிக் கலத்தை அளந்தால் பின்னணி அலை அலையாக வரும், அலைகளின் இடைவெளி 625 செ.மீ⁻¹ என்றால் 8 மைக்ரான் சரி.

2130ல் நீருக்கே ஒரு கூட்டுப் பட்டை உண்டு, 10 மைக்ரானுக்கு 0.2 போல. வெறும் மீடியத்தைக் கழித்தால் பள்ளம் விழும், ஏன்னா செல் இருக்கும் இடத்தில் நீர் குறைவு. டியூட்டீரியம் போடாத செல்களை அதே கலத்தில், அதே 37 டிகிரியில் அளந்து கழிங்க. 2000க்குக் கீழும் 2270 பக்கமும் கோடு படியும்வரை, கழிக்கும் நிறமாலையின் பெருக்கெண்ணை மாத்துங்க. உலர் நைட்ரஜன் ஓட்டம் நிற்கவே கூடாது. 2350ல் கார்பன் டைஆக்சைடு வந்து அடிக்கோட்டைச் சாய்த்துவிடும்.

கலம்_கட்டி:
8 மைக்ரானில் ஒரு சதுர செ.மீக்கு 0.8 மைக்ரோலிட்டர் மீடியம்தான். லாக்டிக் அமிலம் சேர்ந்து பிஎச் சீக்கிரம் விழும், அதனால் மீடியத்தை ஓட்டிக்கொண்டே இருங்கள். பிஎச்சைக் காக்க ஹெப்பெஸ் என்ற தாங்கல் பொருளைப் போட்டால் அதன் சல்ஃபோனேட் பட்டைகள் 1040, 1190 பக்கம் வந்து பாஸ்பேட் பகுதியைக் குழப்பும்.

கார்பன்13:
ஒன்று கவனியுங்க: சி-டி பட்டை செல் கொழுப்பை உள்ளே இழுத்ததைத்தான் சொல்லும், அதை என்ன செய்தது என்று சொல்லாது. குளுக்கோஸிலிருந்து புதுக் கொழுப்பு உருவாவதைப் பார்க்க, குளுக்கோஸ் இல்லாத மீடியத்தில் 13சி (கனமான கார்பன்) குளுக்கோஸும், டயலிசிஸ் செய்து சாதாரண குளுக்கோஸை நீக்கிய சீரமும் போடுங்க. கொழுப்பின் எஸ்டர் பட்டை 1744லிருந்து 1700 பக்கம் இறங்கும். ஆனால் அது அமைடு 1இன் தோளில் உட்காரும், மெல்லிய ஸ்பேசர் இல்லாமல் முடியாது. கொழுப்புத் துளிகளைத் தனித்தனியாகப் பார்க்க எஃப்டிஐஆர் போதாது. 2016ல் ஜி-ஷின் செங் குழு காட்டிய ஒளிவெப்ப முறை (அகச்சிவப்பு சூடாக்குவதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியால் அளப்பது) வேண்டும், 0.6 மைக்ரான்வரை பிரிக்கும்.

ஈரல்செல்:
ஹெப்ஜி2 குவியலாக வளருமே, 8 மைக்ரானில் நசுங்காதா?

அலைவரி:
நசுங்கும். குவியல் கட்டுமுன், ஜன்னலில் 40 சதவீதம் படர்ந்ததுமே கலத்தை மூடுங்க. அளந்து முடித்ததும், செத்த செல்களை மட்டும் நீலமாக்கும் ட்ரிப்பான் நீலச் சாயத்தை ஓட்டுங்க. நீலமான செல்களின் நிறமாலையைக் கணக்கில் சேர்க்காதீங்க.