உதவி: அப்பான்ர தவிலைக் கணினிக் கோட்டில (நிரலில) ஓட்ட எது நல்லம்? சத்தமே வருகுதில்லை

தவிலடி:
கோட் எழுதி மியூசிக் செய்ய எந்த மென்பொருள் நல்லம்? அப்பா தவில் வாசிக்கிறவர். அவற்ர அடிகளைத் தனித்தனியாப் போன்ல பதிஞ்சு வச்சிருக்கிறன். அதை மிஸ்ர சாப்பு எண்ட ஏழு எண்ணிக்கைத் தாளத்தில ஓட விட்டு மேல நான் கீபோட் வாசிக்க வேணும். சூப்பர்கொலைடர் எண்ட மென்பொருள் போட்டன், சத்தமே இல்லை. ரெண்டு நாளா மண்டை வெடிக்குது. கெதியாச் சொல்லுங்கோ.

கொக்குவில் நிலா:
விண்டோஸா லினக்ஸா? றாம் எவ்வளவு? என்ன பிழை எழுதி வருகுது?

மானிப்பாய் மகன்:
ஒண்டும் இறக்க வேண்டாம். ஸ்ட்ரூடல் எண்ட மென்பொருள் பிறவுசரிலயே ஓடும், டைடல்சைக்கிள்ஸ் எண்ட மியூசிக் மென்பொருளை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குக் கொண்டு வந்தது. ஒரு சுற்றுக்குள்ள 7 சொல்லு (அடியின்ர பேர்) எழுதினா அதுவே சுற்றை ஏழாப் பிரிக்கும். சாப்புக்கு இதை விட லேசு இல்லை. அப்பான்ர அடிகளையும் உள்ள எடுக்கலாம்.

பழைய நிரலர்:
தம்பி, அத்திவாரம் போடாமல் ஓடு வேய வெளிக்கிடாதையும். சூப்பர்கொலைடர் ஜேம்ஸ் மக்கார்ட்னி 1996 இல வெளியிட்டது. சோனிக் பை எண்ட மற்ற மென்பொருளுக்குள்ள சத்தம் எழுப்புறதும் அதின்ர எஞ்சின்தான். சத்தம் எழுப்புற சேர்வரை பூட் பண்ணினீரா, அதாவது தொடக்கி விட்டனீரா? முதல் பாடமே அதுதான். உதவிப் பக்கத்தை வாசிச்சிட்டு வாரும்.

வேர்:
நிரலர் அண்ணை, தொடங்கிற பிள்ளையை வெருட்டாதேங்கோ. சாம் ஆரன் சோனிக் பையைப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கெண்டே செய்தவர். லைவ் லூப்புக்குள்ள (திரும்பத் திரும்ப ஓடுற கோட்) ஸ்லீப் (அடிக்கு இடையில விடுற நேரம்) எல்லாம் கூட்டி 7 வந்தாக் காணும், தகிட தகதிமி ஓடும். போன் பதிவு எம்4ஏ வகைக் கோப்பு எண்டா வேவ் வகையா மாத்திப் போடுங்கோ.

பழைய நிரலர்:
ஏழு எண்ணலாம், தவில் வராது. வலந்தலையில (வலப்பக்கம்) கூடு போட்ட விரல் விழுறதும் தொப்பியில (இடப்பக்கம்) பூவரசங் கழி விழுறதும் ஒவ்வொருக்காலும் வேற. ஒரே பதிவைத் திருப்பித் திருப்பி விட்டா அது தாளம் தட்டுற வெறும் மெற்றனோம் கருவி. தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாசிச்ச மண்ணில உதைத் தவில் எண்டு சொல்லக் கூடாது.

வேர்:
அதுக்குத்தான் ஒரு சொல்லுக்கு அஞ்சாறு பதிவு வச்சு மாறி மாறி எடுக்கிறது. சத்தத்தையும் அடிக்கடி கொஞ்சம் ஏத்தி இறக்க வேணும்.

மானிப்பாய் மகன்:
கோட் கச்சேரியில மாதிரித் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் எண்டு ஆர் சொன்னது? பிள்ளைக்குப் பழகேக்க தாளம் வேணும், அவ்வளவுதான்.

தவிலடி:
விண்டோஸ் 10, றாம் 4. பூட் பண்ணினனான். சாம்பிள் றேற் (செக்கனுக்கு எத்தினை தரம் ஒலியை அளக்குது எண்ட கணக்கு) பொருந்தேல்லை எண்டு சொல்லுது. புளூடூத் ஹெட்செற்தான் போட்டிருக்கிறன். அது முக்கியமே?

கொக்குவில் நிலா:
அதுதான் முக்கியம்! அதின்ர மைக் 16000 ஹெர்ட்ஸ் மாதிரிக் குறைஞ்ச றேற்றில நிக்கும், ஸ்பீக்கர் 48000 இல நிக்கும். ரெண்டும் ஒத்துவராட்டி சேர்வர் எழும்பாது. சோனிக் பை போட்டாலும் இதே கரைச்சல்தான் வரும். புளூடூத்தை நிப்பாட்டி வயர் ஹெட்போன் போடுங்கோ. சவுண்ட் செற்றிங்கில மைக், ஸ்பீக்கர் ரெண்டையும் 48000 ஆக்குங்கோ. கீபோட் வாசிக்கப் புளூடூத் எப்பிடியும் சரிவராது, சத்தம் பிந்தித்தான் காதுக்கு வரும்.

தவிலடி:
வந்திட்டுது!! சோனிக் பையில ஓடுது. அப்பா கேட்டவர், தொப்பி அடி பின்னுக்கு விழுதாம். எல்லாருக்கும் நன்றி.

வேர்:
தொப்பிப் பதிவின்ர தொடக்கத்தில வெறுமை கிடக்கும். அலையைப் பெருப்பிச்சுப் பாத்து, அடி விழுற இடத்துக்குச் சரி முன்னால வெட்டுங்கோ. வெட்டிப்போட்டு அப்பாவுக்கு மறுக்காப் போட்டுக் காட்டுங்கோ. என்ன சொல்லுறார் எண்டு எழுதுங்கோ.